கடைக்காரர் பிள்ளைகளுக்கு எழும்பிய பள்ளி



இங்கிலாந்தின் தென்கரையில் ஷோர்ஹாம் என்று ஒரு துறைமுக ஊர். 1847இல் அங்கே உதவிக் குருவாக வந்தவர் நத்தானியேல் வுடார்ட். ஏழைப் பிள்ளைகளுக்குத் திருச்சபைப் பள்ளி இருந்தது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஈட்டன், வின்செஸ்டர் என்ற பள்ளிகள் இருந்தன. நடுவில் அகப்பட்ட கடைக்காரர், குமாஸ்தா, விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் உருப்படியான பள்ளி இல்லை. மறு ஆண்டே ‘நடுத்தர வர்க்கத்துக்காக ஒரு வேண்டுகோள்’ என்று சிறு நூல் அச்சிட்டு, நன்கொடை திரட்டக் கிளம்பிவிட்டார்.

லான்சிங், ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட், ஆர்டிங்லி என்று பள்ளிகள் எழுந்தன. அதிலும் பெற்றோரின் வசதிக்கேற்ப மூன்று படி வைத்தார்: வசதியானவர்களுக்கு லான்சிங், இடைப்பட்டவர்களுக்கு ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட், சில்லறைக் கடைக்காரருக்கு ஆர்டிங்லி. ஆண்டவர் பெயரால் நடந்த பள்ளியிலும் பந்தி வேறு வேறுதான்!

மனிதரின் பிடிவாதத்தைப் பார்க்க வேண்டுமானால் லான்சிங் பள்ளியின் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும். 1868இல் அடிக்கல். அஸ்திவாரம் சில இடங்களில் 70 அடி ஆழம். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கூரை 90 அடி உயரம். பின்னால் வருகிறவர்கள் பணமில்லை என்று உயரத்தைக் குறைத்துவிடக் கூடாதே என்று, ஒரு பகுதியை முதலிலேயே முழு உயரத்துக்கு எழுப்பச் செய்தாராம். 1891இல் அவர் காலமானார். மேற்கு முகப்பு மண்டபம் முடிந்ததோ 2022இல்!

அவர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. ஆனால் லான்சிங்கில் விடுதியில் தங்கிப் படிக்க ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல் ஆகும். உதவித்தொகை உண்டு, எல்லாருக்கும் எட்டாது. எந்தக் கடைக்காரரால் கட்ட முடியும்? தரும ஸ்தாபனமாக நடக்கும் இப்படிப்பட்ட பள்ளிகளைப் பற்றி ‘இது தருமமா, வியாபாரமா?’ என்ற கேள்வி அந்த நாட்டில் வெகுநாளாக உண்டு. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது. தரும ஸ்தாபனம் என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

இதே வுடார்ட் குடும்பத்தின் பெயரில், அதே வட்டாரத்தில், 2009இல் இன்னொரு பள்ளி திறந்தார்கள்: சர் ராபர்ட் வுடார்ட் அகாடமி. அரசு நிதியில் நடப்பது, கட்டணம் கிடையாது. என்னைக் கேட்டால், 1848இல் அச்சான அந்த வேண்டுகோளுக்கு லான்சிங்கைவிட நெருக்கமாக நிற்பது இந்தப் பள்ளிதான்.