வழிப்படகும் ஊரார் கடமையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

வழியோடு செல்லும் ஒருவர் ஊரில் ஓரிரவு தங்குகிறார். அவரால் ஊருக்கு என்ன பயன்? அவருக்கு ஊர் செய்ய வேண்டுவது யாது? இக்கேள்விகளுக்கு விடை காண, இன்று நாம் கடல் கடந்த ஓர் ஊரைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், பாஸ்குவோடாங்க் ஆற்றங்கரையில் உள்ளது எலிசபெத் சிட்டி. சுமார் 18,000 மக்கள் வாழும் சிறு நகரம் அது.

நம் கிழக்குக் கரையோரம் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயை நாம் அறிவோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டியும், ஆறுகளையும் காயல்களையும் வெட்டிய கால்வாய்களையும் இணைத்து ஒரு நீர்வழி அமைந்திருக்கிறது. நார்ஃபோக் துறைமுகத்திலிருந்து மயாமி வரை அதன் நீளம் சுமார் 1,750 கிலோமீட்டர். இலையுதிர் காலத்தில் குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்வோரும், வசந்த காலத்தில் வடக்கே திரும்புவோரும், தத்தம் படகிலேயே சமைத்து உண்டு உறங்கி, வாரக்கணக்கில் இவ்வழியே பயணம் செய்கின்றனர்.

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே வர இரு வழிகள் உண்டு. ஒன்று 1859-இல் திறக்கப்பட்ட ஆழமான கால்வாய். பெரிய படகுகள் அதையே நாடும். மற்றது 1805-இல் திறக்கப்பட்ட டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் சதுப்புச் சேற்றில் நின்று கையால் வெட்டியது அது. 35 கிலோமீட்டர் நீளம். ஒடுங்கியது, ஆழம் குறைந்தது. இரு முனைகளிலும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகள். எலிசபெத் சிட்டி இந்த இரண்டாம் வழியில் இருக்கிறது. ஆகவே, வருகிற படகு தன்னை விட்டு வேறு வழியே போய்விடக்கூடும் என்ற நிலை அவ்வூருக்கு என்றும் உண்டு.

ஒரு மாலையில் நாமே படகில் அவ்வூரை அடைவதாக வைத்துக்கொள்வோம். அப்பால் இருப்பது ஆல்பிமார்ல் காயல். பரப்புப் பெரிது, ஆழம் குறைவு. காற்று எழுந்தால் குறுகிய நேரத்தில் செங்குத்தான அலைகள் கிளம்பும். காற்றுத் தணியும் வரை காத்திருக்க இடம் வேண்டும். கயிறு கட்ட உறுதியான முளை வேண்டும். உணவுப் பொருள் வாங்க, நடந்து செல்லும் தூரத்தில் கடை வேண்டும். இத்தகைய தேவைகளுக்கு ஏற்றதாக நகரின் மையத்தை அடுத்து அமைந்ததே ‘மரைனர்ஸ் வார்ஃப்’ என்னும் படகுத்துறை. 14 படகுகளுக்கு இடம். 48 மணி நேரம் வரை கட்டணம் இல்லை என்பது அங்கு வகுத்த விதி. இந்த வரம்பை நாம் கவனிக்க வேண்டும். வரம்பின்றி இலவசமாக விட்டால், முதலில் வந்த 14 பேரே துறையைச் சொந்தமாக்கிக் கொள்வர். பின் வருபவருக்கு இடமிராது.

துறை மட்டும் இருந்திருந்தால் அவ்வூரின் பெயர் வெளியே தெரிந்திராது. 1983-இல் ஃபிரெட் ஃபியரிங் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரும், அவர் நண்பர் ஜோ கிரேமரும், துறைக்கு வந்த படகினரை வரவேற்று, அந்நாட்டு வழக்கப்படி திராட்சை மதுவும் பாலாடைக்கட்டியும் வைத்து விருந்தளித்தனர். கிரேமர் தம் தோட்டத்து ரோஜாக்களைப் பறித்துவந்து பெண்களுக்குக் கொடுத்தார். அவ்வழக்கம் தொடர்ந்தது. ‘ரோஜாத் தோழர்கள்’ என்று பொருள்படும் பெயரும் அவர்களுக்கு ஏற்பட்டது. கிரேமர் மறைந்த பின் அவருடைய ரோஜாச் செடிகள் துறையிலேயே நடப்பட்டன. ஃபியரிங் 2007-இல் காலமானார். ‘விருந்தோம்பல் துறைமுகம்’ என்னும் பெயர் ஊருக்கு நிலைத்தது.

ஆயினும் எல்லாம் ஊரார் கையில் இல்லை. 2016-இல் மாத்யூ புயலில் மரங்களும் வண்டலும் சேர்ந்து டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் அடைபட்டது. 2017-இன் பிற்பகுதியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. வழி அடைபட்டால் விருந்தினர் எங்கிருந்து வருவர்? வழியைக் காப்பது அரசின் கடமை. துறையைப் பேணுவது ஊராட்சியின் கடமை. முகம் மலர்ந்து வரவேற்பது குடிமக்களின் கடமை. இம்மூன்றில் ஒன்று தவறினும் மற்ற இரண்டும் வீணாகும்.

அன்பர்களே! சந்தைத் திடலும் பயணியர் நிழற்குடையும் கட்டுவதற்கு நிதி கிடைக்கிறது. திறப்புவிழாவும் நடக்கிறது. மறு ஆண்டு குழாயில் நீர் இல்லை, தரையில் குப்பை. இக்குறைக்கு அலுவலராகிய நாமும் பொறுப்பே. ஒரு பொது இடத்தைத் தீர்மானிக்கும் அன்றே, அதைத் துப்புரவு செய்பவர் யார், பழுது பார்க்கும் செலவு எக்கணக்கில், யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போம். எஞ்சியதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வீட்டுத் தோட்டத்துப் பூவை எடுத்துக்கொண்டு துறைக்குச் செல்ல இருவர் போதும்.