திறப்பு விழாவுக்கு மறுநாள்



நான் கோல்ஃப் பற்றிப் பேசப் போகிறேன். "இவனுக்கு எதுக்கு இந்தப் பணக்கார விளையாட்டு?" என்று சிரிக்காதீர்கள். வேலை நிமித்தமாக அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே நகராட்சிகளே நடத்தும் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம்.

குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு 'கிரீன்' என்று பெயர். புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டியிருப்பார்கள். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம்தான். தரை சீராக இல்லாவிட்டால் சரியாக அடித்த பந்தும் துள்ளி விலகிப் போய்விடும். நான் ஆடிய நகராட்சி மைதானத்தில் தினமும் இதே கதைதான். என் தப்பு எவ்வளவு, தரையின் தப்பு எவ்வளவு என்றே தெரியாது!

காரணம் எளிது. நாள் முழுக்கப் பலர் மிதிப்பதால் மண் இறுகிவிடும். வேருக்குக் காற்றும் நீரும் போகாது. இதற்கு வைத்தியம் உண்டு. இயந்திரத்தால் துளை போட்டு மண்ணை எடுத்துவிட்டு, மணலைப் பரப்பி நிரப்ப வேண்டும். ஆனால் சில வாரங்கள் தரை கரடுமுரடாக இருக்கும், வருபவர்கள் முணுமுணுப்பார்கள், வசூல் குறையும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அடுத்த வருஷமும் அதே பேச்சுதான்.

பெயர் பெற்ற மைதானத்துக்கும் சிக்கல் வரும். அதே மாநிலத்தில் பியர்ஸ் கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தமானது சேம்பர்ஸ் பே. பழைய மணல், ஜல்லிக் குவாரியில் அமைத்து 2007-ல் திறந்தார்கள். கிரீன்களில் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல். 2015-ல் அங்கே யு.எஸ். ஓபன் நடந்தபோது, போவா ஆனுவா என்ற வேறொரு புல் தானாக முளைத்து அதோடு கலந்திருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வளராது. பந்து குலுங்கி ஓடியது. ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். கடைசியில் 2019-க்குள் எல்லாக் கிரீன்களிலும் போவா ஆனுவாவையே பதித்துவிட்டார்கள். அந்த இடத்தில் எது நிலைக்குமோ அதை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளி மைதானத்துக்கு எஸ்டிமேட் போட்டேன். தொகை அதிகம் என்றார்கள். நான் முதலில் அடித்த வரி, பராமரிப்பு. திறப்பு விழாவில் எனக்கும் மாலை போட்டார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனேன். வடிகால் அடைத்து, முழங்கால் தண்ணீர். பிள்ளைகள் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் சங்கம் கல்லூரி மைதானத்துக்குப் புல்தரை போட நிதி திரட்டுகிறது. என் பங்கைச் சந்தோஷமாகத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வசூலில் மூன்றில் ஒரு பங்கை வங்கியில் போட்டுவையுங்கள். அந்த வட்டி, மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்துக்குப் போகட்டும். கல்வெட்டில் என் பெயர் வேண்டாம். மாணவர்களே, நாளை நீங்கள் எஸ்டிமேட் போடும்போது அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.