விரல் தீட்டிய வீடு

சிறுவயதில் என்ன நடந்தது என்பதை எழுத்தும் புகைப்படமும் சொல்லிவிடும். அப்போது உடம்புக்கு அது எப்படி இருந்தது என்று சொல்வதில், கையால் செய்த அனிமேஷன் படத்தை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. சாட்சிக்கு ஒரே படம் போதும்: கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் கரோலின் லீஃப் 1976இல் முடித்த 'தி ஸ்ட்ரீட்'. பத்து நிமிடப் படம். மொன்றியலில் ஒரு யூதக் குடும்பம். பாட்டி படுத்த படுக்கை. அவள் கண்ணை மூடினால் அந்த அறை தனக்கு என்று பேரன் காத்திருக்கிறான். அவனிடம் அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லை. குழந்தைகளின் கணக்கு அப்படித்தான்.

படம் உருவான விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சிய வெள்ளைக் கண்ணாடி. அதை நேர்மேலிருந்து பார்க்கும் கேமரா. வண்ணம் உலராதிருக்கக் கிளிசரின் கலந்து, பெரும்பாலும் விரலாலேயே தீட்டுகிறார். ஒன்றைப் படம்பிடித்ததும் அதையே துடைத்து, இழுத்து, அடுத்ததாக மாற்றுகிறார். மூலச் சித்திரம் என்று எதுவும் தங்காது. ஃபிலிம் சுருள்தான் மிச்சம். அதனால் பல இடங்களில் காட்சிகளுக்கு இடையே வெட்டே இல்லை. ஒரு முகம் பெருத்துத் திரையை அடைக்கிறது, கரைகிறது, அந்தக் கரைசலே அடுத்த அறையாகிறது. பெரியவர்கள் கிட்டே வந்தால் மலை, விலகினால் மங்கல்: சிறுவனின் உயரத்திலிருந்து உலகம் அப்படித்தான் தெரியும். நடிகர்களை வைத்து எடுத்தால் கேமராவைத் தாழ்த்தி அந்தக் கோணத்தைக் கொண்டுவரலாம். அறையும் ஆளும் ஒன்றுக்குள் ஒன்று இளகுவதை எங்கே போய் எடுப்பது?

கதை எழுத்தாளர் மோர்டெக்காய் ரிச்லருடையதாயிற்றே, சியாட்டிலில் பிறந்த லீஃப்புக்கு அது இரவல் நினைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரிச்லரிடமிருந்து வந்தவை சம்பவமும் பேச்சும். கதவின் உயரமும் கட்டிலின் கனமும் அவர் வாக்கியங்களில் இருந்து மட்டும் வந்துவிடாது. அவற்றை லீஃப்பின் விரல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறது. கணினியில் இதே தோற்றத்தை வரவழைக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. வரவழைக்கலாம், தோற்றத்துக்காக நான் வாதாடவில்லை. கண்ணாடியில் துடைத்தது துடைத்ததுதான். கை தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தின் மேலேதான் அடுத்த படம். திரும்பிப் போக வழியில்லாத அந்த நிர்ப்பந்தத்தைக் கணினியின் முன் உட்கார்ந்து ஒருவர் தானாக ஏற்றுக்கொண்டால் எனக்கு ஆட்சேபமில்லை. அழித்ததை மீட்கும் பொத்தான் விரலுக்கடியிலேயே இருக்கும்போது அதைத் தொடாமலிருக்க அசாத்தியப் பிடிவாதம் வேண்டும், அவ்வளவே.