கஷாயத்தின் பெயருக்குக் கீழே உள்ள வரிகள்

சீன மருத்துவம் என்றதும் யின், யாங், ஐந்து மூலகங்கள், உடம்பில் ஓடும் சக்திப் பாதைகள், ஊசி எல்லாம் உங்கள் நினைவுக்கு வரும். அக்குபங்சர் நம் ஊர்த் தெருக்களுக்கே வந்துவிட்டது. அதனால் அந்த அடிப்படைகளை மறுபடி விளக்கப் போவதில்லை. விளக்கி விளக்கியே ஒரு மருத்துவத்தைத் தத்துவப் பேச்சாக்கிவிட்டோம் என்பதுதான் என் குறை. கல்லீரல் என்றால் மரம், இருதயம் என்றால் நெருப்பு என்று வாய்பாடு ஒப்பிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். காய்ச்சலோடு வருகிற ஒருவருக்கு வியர்க்கிறதா, வியர்க்கவில்லையா என்று கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய சீன மருத்துவத்தைக் கற்க விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது தத்துவத்தை அல்ல, ஒரு கஷாயக் குறிப்பை. அதிலும் கஷாயத்தின் பெயரை அல்ல, பெயருக்குக் கீழே உள்ள வரிகளை. எத்தனை எடை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவாகச் சுண்ட வைப்பது, எப்படிக் குடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற அந்த வரிகளை. இன்றைய உரையில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அந்த வரிகளை எழுதியவர் ஜாங் ஜோங்ஜிங். கீழை ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தவர், இன்றைய ஹெனான் மாகாணத்து நான்யாங் பகுதியைச் சேர்ந்தவர். அவர் பெயரில் உள்ள முன்னுரை, அவருடைய குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்ததையும், கி.பி. 196-இல் தொடங்கிய ஜியான்-ஆன் ஆண்டுகளில் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டதையும் சொல்கிறது. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது குளிரால் வந்ததாக அன்று கருதப்பட்ட காய்ச்சல் நோய். அந்த நோயைப் பற்றி அவர் எழுதியதுதான் ‘ஷாங்ஹான் லுன்’. ஏறத்தாழ நானூறு சிறு பத்திகள், நூற்றுப் பன்னிரண்டு மருந்துகள், அவ்வளவுதான் நூல். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற பேச்சு அதில் இல்லை. இன்ன குறி தெரிந்தால் இன்ன மருந்து; அந்தக் குறி இல்லையென்றால் கொடுக்காதே. நூல் முழுக்க இந்த நடைதான். வறட்சியாகத் தோன்றும். அந்த வறட்சிதான் அதன் பெருமை.

நூலின் முதல் மருந்தை எடுத்துக்கொள்வோம். குவெய்ஜி தாங் என்று பெயர். இலவங்கப்பட்டை மரத்தின் கிளை 3 லியாங் (லியாங் என்பது பழைய சீன எடை), பியோனி வேர் 3 லியாங், அதிமதுரம் 2 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், சீன இலந்தைப்பழம் 12. ஐந்தே சரக்கு. அவற்றில் மூன்று சமையலறைப் பொருள்கள். தலைவலி, காய்ச்சல், வியர்வை, காற்றுப் பட்டால் ஆகாத கூச்சம் இவை சேர்ந்திருந்தால் இந்தக் கஷாயம். பெரும்பாலான வகுப்புகள் இத்தோடு நின்றுவிடும். நூல் நிற்பதில்லை. ஏழு ஷெங் தண்ணீரில், அதாவது சுமார் ஒன்றரை லிட்டரில், மெல்லிய தீயில் காய்ச்சி மூன்று ஷெங்காகச் சுண்ட வை. வடிகட்டி ஒரு ஷெங் குடி. சற்று நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி ஒரு ஷெங்குக்கு மேல் குடி, மருந்தின் பலத்துக்குக் கஞ்சி துணை நிற்கும். இரண்டு மணி நேரம் போர்த்திப் படு. உடம்பு முழுக்க வியர்வை லேசாகப் பொசிந்தால் நல்லது. தண்ணீராய் ஓட விட்டால் நோய் நீங்காது. முதல் வேளையிலேயே குணம் தெரிந்தால் நிறுத்து, மீதியைக் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. வியர்க்கவில்லையென்றால் அடுத்த வேளையைக் கொடு. அதற்கும் இல்லையென்றால் இடைவெளியைக் குறைத்து அரை நாளில் மூன்று வேளையையும் கொடு. பச்சையாக உள்ளது, குளிர்ந்தது, பிசுக்கானது, இறைச்சி, மது, பால் பொருள்கள் ஆகாது. நம் மருத்துவத்தில் அனுபானம் என்றும் பத்தியம் என்றும் சொல்கிறோமே, அதன் முழு ஒழுங்கும் இங்கே இருக்கிறது. கஞ்சியையும் போர்வையையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது இனிப்பான இஞ்சித் தண்ணீர். அதைக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னால் குற்றம் மருந்துடையதா?

இதற்கு அடுத்த வீடு மாஹுவாங் தாங். காய்ச்சல் உண்டு, வியர்வை இல்லை, நாடி மேலாக எழும்பி இறுக்கமாக ஓடுகிறது என்றால் அது. மாஹுவாங் என்ற எபிட்ராச் செடியை மட்டும் முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்த பிறகே மற்றச் சரக்குகளைச் சேர்க்க வேண்டும். போர்த்திப் படுக்கலாம், ஆனால் கஞ்சி வேண்டாம் என்று நூல் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாவதாக ஷியாவ் சாய்ஹு தாங். இதைப் பன்னிரண்டு ஷெங்கிலிருந்து ஆறாகச் சுண்ட வைத்து, சக்கையை எடுத்துவிட்டு, வடித்த நீரை மறுபடி காய்ச்சி மூன்றாக்க வேண்டும். ஒன்றுக்குக் கஞ்சி, ஒன்றுக்குக் கஞ்சி கூடாது, ஒன்றுக்கு இரண்டு முறை காய்ச்சுதல். இவை ஒரே ஆசிரியரின் ஒரே நூலில் உள்ள வேறுபாடுகள். இன்று எல்லாச் சரக்கையும் தனித்தனிப் பொடியாக்கி, வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். வசதிதான். அந்த வசதியில் எந்த வேறுபாடு காணாமல் போகிறது என்பது கொடுப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நான் அதிகம் மதிப்பது இனிச் சொல்லப்போகும் முறையை. அதே குவெய்ஜி தாங்கில் ஒரே ஒரு சரக்கை நகர்த்திப் பார்க்கும் முறை அது. நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கிறது. மருத்துவர் தவறாகப் பேதிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு நெஞ்சு அடைத்தாற்போல் நிறைந்து நாடி அவசரப்பட்டால், பியோனி வேரை எடுத்துவிடு என்கிறார் ஜாங் ஜோங்ஜிங். அதே தவறான பேதிக்குப் பிறகு நெஞ்சுக்குப் பதிலாக வயிறு உப்பி விட்டு விட்டு வலித்தால், பியோனி வேரை இரட்டிப்பாக்கு, 3 லியாங்கை 6 லியாங் ஆக்கு. வலி கடுமையாகிக் கெட்டிப்பட்டிருந்தால் அதன் மேல் 2 லியாங் ரேவல்சின்னியைச் சேர். செய்த தவறு ஒன்றே. விளைவு நெஞ்சில் என்றால் ஒரு வேர் வெளியேறுகிறது, வயிற்றில் என்றால் அதே வேர் இரண்டு மடங்காகிறது. இன்னொரு பக்கம், இரட்டிப்பான பியோனியோடு மால்ட் பாகைச் சேர்த்தால் வயிற்றுப் பிடிப்பும் படபடப்பும் உள்ள நலிந்தவருக்கான வேறொரு மருந்து. இலவங்கத்தை மட்டும் 5 லியாங்காக உயர்த்தினால், அடிவயிற்றிலிருந்து நெஞ்சை நோக்கி ஏதோ பாய்வதாக உணர்கிறவருக்கான மருந்து. வியர்வை நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் பக்குவம் செய்த வத்சநாபிக் கிழங்கு ஒன்று சேர்கிறது. ஒரு சரக்கின் குணத்தை நிகண்டில் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை. அது இருக்கும்போதும் இல்லாதபோதும் இரட்டிக்கும்போதும் எந்தக் குறி மாறுகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு வகை. இரண்டாவதுதான் படிப்பு. நூலின் கணிசமான பகுதி, மருத்துவர் செய்த தவறுக்குப் பின் என்ன செய்வது என்பதைப் பற்றியது. தன் தொழிலின் பிழைகளையே பாடமாக்கிய இப்படி ஒரு பழைய மருத்துவ நூல் அரிது.

இதற்கு மறுப்பு வரும். இந்த நூல் அப்படியே நம் கைக்கு வந்ததா? இல்லை. சிதறிக் கிடந்ததை ஜின் காலத்து வாங் ஷுஹே தொகுத்தார். சோங் அரசவையின் மருத்துவ நூல் திருத்தக் குழு 1065-இல் அச்சிட்டது. அந்த அச்சும் அழிந்து, 1599-இல் ஜாவ் கைமெய் வெளியிட்ட மறுபதிப்பின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. எடையிலும் வழக்கு உண்டு. ஹான் காலத்து ஒரு லியாங் சுமார் 14 அல்லது 15 கிராம் என்று அக்காலத்து எடைக்கற்கள் காட்டுகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் மருத்துவர் லி ஷிஜென், பழைய ஒரு லியாங்குக்கு இன்று ஒரு சியென், அதாவது தன் காலத்து லியாங்கில் பத்தில் ஒரு பங்கு, போதும் என்றார். அதைப் பின்பற்றித்தான் இன்றைய பாடநூல்கள் ஒரு லியாங்கை 3 கிராம் என்று போடுகின்றன. இவ்வளவு குழப்பம் உள்ள நூலின் சிறு வரிகளை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் லியாங் 3 கிராமாக இருக்கட்டும், 15 கிராமாக இருக்கட்டும், பியோனி இலவங்கத்துக்குச் சமமா, இரட்டிப்பா என்ற விகிதம் மாறாது. நூல் கற்றுத்தருவது அந்த விகிதத்தைத்தான். அதோடு, இலந்தைப்பழம் எடையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பன்னிரண்டு பழத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் கஷாயமே வேறாகிவிடும். வழக்கைத் தீர்க்கும் சாட்சிகூட அந்தக் கீழ் வரிகளிலேயே இருக்கிறது.

தத்துவம் இல்லாமல் மருத்துவம் ஏது என்பது அடுத்த மறுப்பு. ஜப்பானில் பதினெட்டாம் நூற்றாண்டின் மருத்துவர் யோஷிமாசு தோதோ, ஐந்து மூலகங்களையெல்லாம் ஊகம் என்று தூக்கியெறிந்துவிட்டு ஜாங் ஜோங்ஜிங்கின் மருந்துகளை மட்டும் பிடித்துக்கொண்டார். பிறகு நோய் எல்லாமே ஒரே நஞ்சு என்ற தன் சொந்தத் தத்துவத்தில் போய் விழுந்தார். அந்த எல்லைக்கு நான் போகவில்லை. பின்னால் வந்த வெப்பநோய்ப் பள்ளியார், இந்த நூல் எல்லாக் கொள்ளைநோய்க்கும் போதாது என்று சொன்னதிலும் உண்மை உண்டு. நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும். 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு நகரங்களில் அரசு சீன மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தபோது, ஆயிரக்கணக்கானவருக்கு ஒரே மாதிரி கற்பிக்கப் பாடநூல் தேவைப்பட்டது. முதலில் கோட்பாடு, பிறகு நோய்க்கண்டறிதல், பிறகு சரக்கு, பிறகு மருந்து என்று அடுக்கினார்கள். நிர்வாகத்துக்கு அது சரி. கற்பவர் கண்ணுக்கு அது தலைகீழ். கோட்பாட்டை முதலில் விழுங்கியவர், நோயாளியிடம் அதையே தேடிக் கண்டுபிடிப்பார்.

கீழ் வரிகளைப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடும் சீன அரசுத் திட்டம் 1967-இல் தொடங்கியது. அதில் ஆய்வாளர் தூ யூயூவின் குழு சிங்ஹாவ் என்ற மூலிகையின் சாற்றைச் சோதித்தபோது பலன் ஒருமுறை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பு, ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்று சொல்கிறது. காய்ச்சு என்று சொல்லவில்லை. சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, தாழ்ந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தார்கள். 1971-இல் அந்தச் சாறு பலித்தது, அடுத்த ஆண்டு ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015-இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு வந்தது. இதைச் சீனத் தத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வென்றது வேதியியலும் விலங்குச் சோதனையும். ஆனால் அந்த வேதியியலுக்குத் துப்புக் கொடுத்தது யின்னும் யாங்கும் அல்ல. பிழிந்து குடி என்ற செய்முறை வரி.

மிகக் கனமான மறுப்பு, இந்த மருந்துகள் பாதுகாப்பானவையா என்பது. ஜப்பானில் ஷியாவ் சாய்ஹு தாங்கை ஷோ-சாய்கோ-தோ என்ற பெயரில் நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்காரர்களுக்கு ஏராளமாகக் கொடுத்தார்கள். சிலருக்கு நுரையீரல் திசு அழற்சி வந்தது. பத்துப் பேர் இறந்த செய்தியோடு 1996-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது. நூலில் அந்த மருந்துக்கு உரிய குறிகள் உண்டு: குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருவது, விலாப்புறம் நிறைந்திருப்பது, குமட்டல், பசியின்மை. கல்லீரல் அழற்சி என்ற நோய்ப்பெயர் அங்கே கிடையாது. குறி பார்க்காமல் பெயர் பார்த்து, மாதக்கணக்கில் கொடுத்தது நூலுக்கு எதிரான காரியம். அதற்காக, குறி பார்த்திருந்தால் யாரும் இறந்திருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். நுரையீரலுக்கு வரக்கூடிய கேட்டை எந்த ஹான் காலத்து நூலும் முன்னறிந்து சொல்லவில்லை. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் குறையும் என்பதும் இன்றைய அறிவு. அதை மறுக்கும் மருத்துவர் பழமையில் ஊறியவர் அல்ல, அலட்சியக்காரர். இதே கண்ணோடு 2020-ஐயும் பார்க்க வேண்டும். கொரோனாவுக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் சீன அரசு பரிந்துரைத்த சிங்ஃபெய் பைடு தாங், ஜாங் ஜோங்ஜிங்கின் பல மருந்துகளை ஒன்றாகக் கொட்டிய 21 சரக்குக் கூட்டு. லேசான நோய்க்கும் கடுமையான நோய்க்கும் அதே ஒரு கூட்டு. அவர் பெயரைச் சொல்லி, அவர் பிரித்துவைத்ததையெல்லாம் கலந்துவிட்டார்கள். நெருக்கடியில் வேறு வழியில்லை என்பார்கள். ஆசிரியரே நெருக்கடியில்தான் எழுதினார்.

இதைக் கற்க நினைக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. நூலில் குவெய்ஜி தாங் வரும் பன்னிரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். குவெய்ஜி தாங்கின் உறவுக் கஷாயங்களை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி, எடையையும் காய்ச்சும் முறையையும் குடிக்கும் முறையையும் நேருக்கு நேர் வையுங்கள். ஆறு மாதம் அதிலேயே கிடங்கள், தத்துவம் எங்கும் ஓடிப்போகாது. மற்ற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. எபிட்ராவும் வத்சநாபியும் வீட்டில் காய்ச்சிப் பார்க்கும் சரக்குகள் அல்ல, உரையைக் கேட்டுவிட்டு முயன்று பார்க்காதீர்கள். இந்த வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் எப்போதாவது போக நேர்ந்தால், வியர்க்கிறதா, தாகம் எப்படி, வயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். எப்போது மருந்தை நிறுத்த வேண்டும் என்று சொல்கிறாரா என்றும் பாருங்கள். இவை எதையும் கேட்காமல் உங்கள் மூலகம் எது என்று சொல்லத் தொடங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.