பைத்தியம் பாவத்தின் பலனா?

(ஆம்பூரில் தோல் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



கூலியையும் போனஸையும் பாலாற்றுத் தண்ணீரையும் பற்றிப் பேசக் கூடுகின்ற இந்த இடத்தில், மனநோயைப் பற்றிப் பேச ஒருவன் வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். கூலி குறைந்தால் சங்கம் கேட்கிறது. ஒரு தொழிலாளியின் வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் கேட்பார் யார்? அந்த வீட்டாரே கேட்பதில்லையே! அதனால்தான் இன்று இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

குரோம் பட்டுக் கையில் புண் வந்தால் டாக்டரிடம் கையை நீட்டுகிறோம். காசமோ சர்க்கரையோ வந்தால் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மூளையும் கையைப் போல, நுரையீரலைப் போல உடம்பில் ஓர் உறுப்புத்தானே? அதற்கு நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டிய பிறகு மந்திரவாதியைக் கூட்டிவருவானேன்?

காரணம் என்னவென்றால், அது நோயல்ல, பாவத்தின் பலன் என்று நமக்குக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். முன்ஜென்ம வினை என்கிறான் ஒருவன். சைத்தான் என்கிறான் இன்னொருவன். செய்வினை என்கிறான் மற்றொருவன். பெயர்தான் வேறே தவிர சரக்கு ஒன்றே. நோய் என்றால் நோயாளி உதவிக்குரியவன். பாவம் என்றால் அவன் குற்றவாளி. குற்றவாளியின் வீட்டார் எப்படி வெளியே வாயைத் திறப்பார்கள்? வாயைத் திறக்காதவனுக்கு எந்தச் சர்க்கார் வலிய வந்து வைத்தியம் செய்யும்? ஆகவே கர்மம் என்ற ஒரே வார்த்தையினால் நோயாளி குற்றவாளியாகவும், ஜவாப்தாரியான சர்க்கார் நிரபராதியாகவும் ஆகிவிடுவதைக் கவனியுங்கள்.

பச்சைத் தோலுக்கு உப்புப் போதாவிட்டால் அழுகி நாற்றமெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது மேஸ்திரி, "இந்த மாடு போன ஜென்மத்தில் செய்த பாவம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? உப்பு எவ்வளவு போட்டாய், எத்தனை நாள் வைத்தாய் என்றுதானே முதலாளி கேட்பார்? செத்த மாட்டின் தோலுக்குக் காரணம் தேடுகின்ற அறிவை, உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக்குச் செலவழிக்கக் கூடாதா என்றுதான் கேட்கின்றேன்.

பேயின் யோக்கியதையையும் பாருங்கள். பிள்ளை பெற்ற சில நாளில் தூக்கமில்லாமல் பிதற்றுகின்ற பெண்ணைப் பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடிக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு இப்படியொரு மனநோய் வருமென்பதும், உடனே வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் குணமடைவார்களென்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. பூசாரி உடுக்கையடித்துப் போக்குகின்ற நாட்களில் தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து வந்தால், அதற்குப் பேயா ஜவாப் சொல்லும்?

இந்த மூடத்தனமும் வாய்மூடித்தனமும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வருகின்ற மனநோயாளிகளைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருக்கத் தனியார் விடுதிகள் பல இருந்தன. 2001ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. மற்றவர்களானால் ஓடித் தப்பியிருப்பார்கள். இவர்களோ சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே எடுத்து நடத்திய வழக்கின் பெயரில் "25 பேர்" என்றே இருக்கிறது. மற்றவர்கள் அந்தப் பெயரில்கூடச் சேராமல் போனார்கள்.

ஏர்வாடியை மட்டும் நான் குறை சொல்லுவதாக எந்த மதக்காரரும் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே இருந்தவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. திருச்சிப் பக்கம் குணசீலத்துக்கு 48 நாள் தங்கப் போகிறவர்களும் உண்டு. ஜெபக்கூட்டத்தில் பேயோட்டுகிறவர்களும் உண்டு. கொண்டுபோய் விட்ட வீட்டாரையும் நான் ஈவிரக்கமற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். வேறு எங்கே போவார்கள்? மனநோய்க்கென்றே தனியான சர்க்கார் ஆஸ்பத்திரி என்று இந்த மாகாணம் முழுவதற்கும் இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கம் ஒன்றே. அதுவும் 1794இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது!

வைத்தியம் இல்லாத நோயா இது? 1952இல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்து, வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைத் தெளிவித்தார்கள். நம் வேலூர் பாகாயத்திலே 1957இல் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல நிலையத்தை டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்ப்பது அங்கே வழக்கம். சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் தாயும் தமையனும் இருக்கிறார்கள்! அதை நடத்துகிறவர்கள் மதக்காரர்களே. ஆனாலும் நோய்க்கு அவர்கள் நம்புவது டாக்டரையும் மருந்தையும்தான் என்பதை மந்திரவாதியிடம் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

"மாத்திரை தின்றும் தீரவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் அடியோடு தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை அடியோடு தீருகிறதா? ஆயுள் முழுதும் மாத்திரை தின்றுகொண்டே ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்!

"வெளியே சொன்னால் வேலை போகும், பெண்ணுக்குக் கலியாணம் நிற்கும்" என்பார்கள். இந்தப் பயம் வாஸ்தவமானது. அலட்சியமாகப் பேச நான் தயாராக இல்லை. ஆனால் தனித்தனியே ஒளிக்கிறவரையில்தான் அந்தப் பயத்துக்குப் பலம். 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாகாணங்களில் எடுத்த தேசிய கணக்குப்படி, வயது வந்தவர்களில் 100க்குச் சுமார் 10 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருக்கிறது. நோய்க்குத் தக்கபடி 100க்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியமே இல்லாதவர்கள். அப்படியானால் எந்தத் தெருவில் இல்லை? ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் தேடிக் கலியாணத்தை நிறுத்துகிற ஜனங்கள், நோயை மறைத்து நடத்துகிற கலியாணத்தைச் சுபம் என்பது என்ன நியாயம்?

வாய் திறந்தவர்களால்தான் உலகத்தில் மாறுதல் வந்தது. அமெரிக்காவில் டொரதியா டிக்ஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஜெயில்களிலும் தர்ம விடுதிகளிலும் அடைபட்டிருந்த மனநோயாளிகளை நேரில் பார்த்து, 1843இல் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு எழுதிக் கேட்டார். கிளிஃபர்டு பியர்ஸ் என்பவர் தாமே மனநோய் ஆஸ்பத்திரிகளில் அடிபட்டு வெளிவந்து, 1908இல் தம் பெயரைப் போட்டே புத்தகம் வெளியிட்டார். மறுவருஷமே அதற்கென ஒரு தேசிய கமிட்டி ஏற்பட்டது. நோயாளியாயிருந்தவரே பேசியது பலித்தது.

இப்போது நமக்கும் சட்டம் இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. 18ஆவது பிரிவு, சர்க்கார் வைத்தியம் பெறுவது உரிமை என்கிறது. அந்தந்த ஜில்லாவில் சர்க்கார் ஏற்பாடு இல்லாவிட்டால், ஜில்லாவிலுள்ள வேறு இடத்தில் பார்க்கும் வைத்தியச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்கிறது. தொழிலாளிக்கு இன்னொன்றும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யின் நீடித்த நோய்களின் பட்டியலில் கடுமையான மனநோயும் சேர்ந்திருக்கிறது. இரண்டு வருஷம் வேலையிலிருந்து, விதிப்படி சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் 100க்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். இதைக் கேட்டு வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? நோயை மறைத்தால் உரிமையும் அல்லவா மறைந்துபோகிறது?

ஆகையால் தோழர்களே! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று எந்த ஊரானாலும் சரி, உங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார், மாத்திரை மாதாமாதம் தடையின்றிக் கிடைக்கிறதா என்று போய்க் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். நோய்க்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால் சங்கம் அவர் பக்கம் நிற்குமென்று தீர்மானம் போடுங்கள். அவசரத்துக்கு 14416 என்ற சர்க்கார் தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது, காசு செலவில்லை. வீட்டில் யாரையாவது கட்டிப் போட்டிருந்தால், இன்றிரவே அவிழ்த்து, நாளைக் காலை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால் சங்கத்துத் தோழர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.