சாமிக்கு ஓட்டெடுப்பு வேண்டாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பொது வாழ்வில் பிரார்த்தனை". தலைப்பு பெரிசு, நேரம் அஞ்சு நிமிஷம். அதனால் சுத்தி வளைக்காம சொல்றேன். நம்ம கூட்டத்தை எந்தச் சாமி பாட்டோட ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு மாசமா பேச்சு நடக்குது. ஓட்டெடுப்பு வச்சு மெஜாரிட்டிப்படி பாடிடலாம்னு சிலர் சொல்றாங்க. இதே கேள்வி ஒரு தடவை நாட்டுக்கே வந்திருக்கு.

1949 அக்டோபர் 17. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையைப் பற்றிப் பேசுறாங்க. ஹெச்.வி. காமத் என்ற உறுப்பினர், கடவுளின் பெயரால் என்று அது தொடங்கணும்னு திருத்தம் கொண்டுவந்தார். அசாம்காரர் ரோகிணி குமார் சௌத்ரி எழுந்து, நாங்க காமாக்யா தேவியைக் கும்பிடுறவங்க, கடவுள்னு மட்டும் போட்டா தேவியை விட்டுட்ட மாதிரி ஆகாதான்னு கேட்டார். (படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. நான் இருந்தா மாரியம்மனுக்காக நானும் கேட்டிருப்பேன்.) பட்டம் தாணு பிள்ளை கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனாலும் நம்பிக்கையில் கட்டாயம் கூடாதுன்னார்.

அந்தச் சபையில் பெண்கள் ரொம்பக் கொஞ்சம். அவங்கள்ல ஒருத்தர் பூர்ணிமா பானர்ஜி. கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீங்கன்னு காமத்தைக் கேட்டுக்கிட்டாங்க. அவர் விடலை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. அந்த 68 பேரும் சாமி இல்லைன்னு சொன்னவங்கன்னு நினைச்சுக்காதீங்க.

அதுக்காகச் சட்டம் சாமியை வாசலுக்கு வெளியே நிறுத்திடவும் இல்லை. மந்திரி, எம்.பி., நீதிபதி பதவி ஏற்கிறதை டிவியில் பார்த்திருப்பீங்க. கடவுள் பேரைச் சொல்லியும் ஏத்துக்கலாம், உளமார உறுதி சொல்லியும் ஏத்துக்கலாம். ரெண்டுமே சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கு. அவங்கவங்க இஷ்டம்.

1947 ஏப்ரலில் டெல்லியில் காந்தி நடத்தின பிரார்த்தனைக் கூட்டத்தில், குரான் ஓதக் கூடாதுன்னு சிலர் ஆட்சேபிச்சாங்க. அவர் குரானை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை நடத்தலை. பிரார்த்தனையையே நிறுத்தினார்.

நான் தினமும் விளக்கேத்துறவ, ஆடி மாசம் கூழ் ஊத்துறவ. பாட்டு பிடிக்காம இதைப் பேசலை. நம்ம குழுவில் ஒரே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுறோம். ஒருத்தி தவணை கட்டலைன்னா மத்தவங்க எல்லாரும் பொறுப்பு ஏத்துக்கிறோம். இதில் மசூதிக்குப் போற குடும்பமும் இருக்கு, சர்ச்சுக்குப் போற அக்காவும் இருக்காங்க. நாம ஒரு பாட்டைப் பாடினா அவங்க எதிர்த்துச் சொல்லவே மாட்டாங்க. அடுத்த மாசம் கடன் கேட்க வேண்டியவங்க எப்படிச் சொல்லுவாங்க? அவங்க சும்மா நிக்கிறதைப் பார்த்துட்டு, எல்லாருக்கும் சம்மதம்னு நோட்டில் எழுதிடுவோம். எனக்கு உறுத்துறது அதுதான்.

என் யோசனை இது. கூட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம். அவங்கவங்க சாமியை அவங்கவங்க நினைச்சுக்கட்டும், நினைக்காதவங்களும் நிக்கட்டும். பிறகு உறுதிமொழி, அப்புறம் வரவு செலவு. இதுக்கும் கை தூக்கச் சொல்ல வேண்டாம். பிடிக்காதவங்க தலைவி அக்காகிட்ட தனியா சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாலும் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.