பயிருக்கு ஒரு காப்புறுதி

வன்னிக் கமக்காரன் காலபோகத்தில் நெல்லோடு கடனையும் சேர்த்தே விதைக்கிறான். மழை பொய்த்தால் குளம் வற்றும். மிகுந்தால் அணை உடையும். இரண்டிற்கும் தப்பிய கதிரை யானையும் பன்றியும் அழிக்கும். முன்னாளில் அவனுக்கிருந்த காப்பு வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியே.

1957 மார்கழிப் பெருவெள்ளத்தில் இலங்கைக் குளங்கள் பல உடைப்பெடுத்தன. மறு ஆண்டில், பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராயிருந்தபோது, நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1961 இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ரி. பி. இலங்கரத்தினாவின் முயற்சியால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றியதும் அவ்வாண்டுச் சட்டமொன்றினாலேயே.

ஆயுட் காப்புறுதியில் மரணம் ஐயத்துக்கிடமற்றது. பயிர்க் காப்புறுதியிலோ, அழிவு வானத்தால் வந்ததா, வாய்க்காலைக் கவனியாமையால் வந்ததா என்பதை ஒருவர் வரம்பில் நின்று பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். அவர் வரப் பிந்தினால் சான்றே மிஞ்சாது. கமக்காரன் பாழ்பட்ட பயிரை மாட்டுக்கு விட்டிருப்பான். திட்டத்தின் உயிர்நிலை இதுவே எனலாம்.

1973 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணிக்கெனத் தனிச் சபையை நிறுவி, பிற பயிர்களையும் கால்நடைகளையும் அதன் காப்பினுள் கொணர்ந்தது. 1999 இல் அது கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையாயிற்று.

வானம் பார்த்த மானாவாரி வயலுக்குக் காப்புறுதி வேண்டுமென்பதை எவரும் ஒப்புவர். இரணைமடுவின் கீழ் நீருறுதி பெற்றவனுக்கோ கட்டணம் வீண் செலவாகத் தோன்றும். அவனும் சேர்ந்தாலன்றி நிதி தாங்காது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி வெள்ளக்காடானபோது, அந்த நீருறுதி பெற்ற வயல்களும் மூழ்கின.